என் பாட்டனாரின் பட்டாளம்

மலர்க்குழு அன்பர்கள் இவ்வாண்டும் என்னிடம் ஒரு கட்டுரை கேட்டனர். வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் கல்லூரியில் பயின்றவர். யானோ பத்தாம் வகுப்போடு ஏட்டைக் கட்டி வைத்துவிட்டு, இரயில்வே அலுவலகத்தில் பதிவேடுகளை நிரப்பிக் காலம் கழிப்பவன். எனினும் பதிவேடு படிக்கத் தெரிந்தவனுக்கு ஒரு வசதி உண்டு. எந்தச் சரக்கு எங்கே ஏறிற்று, எங்கே வண்டி மாறிற்று, எங்கே இறங்கிற்று என்பதைச் சீட்டைப் பிடித்துக்கொண்டே சென்று கண்டுவிடுவான். என் தாயைப் பெற்ற பாட்டனார் 1942 முதல் 1946 வரை எங்கே இருந்தார் என்பதை அவ்வழியிலேயே தேடினேன். தேடத் தொடங்கியபோது கையில் சீட்டு ஒன்றும் இல்லை. ஒரு சொல் மட்டுமே இருந்தது.

அச்சொல் ‘கார்பினீர்’ என்பது. நாகர்கோவிலை அடுத்த எங்கள் சிற்றூரில், விளக்கு வைத்த பிறகு திண்ணையில் அமர்ந்து, “மக்களே, நான் கார்பினீர் டாங்கியோட பர்மா வரைக்கும் போனவனாக்கும்” என்பார். அதற்குமேல் கேட்டால் பேச்சு டாங்கியின் எந்திரத்துக்குப் போய்விடும். யுத்தத்தைப் பற்றி ஒரு சொல்லும் வாராது. சிறுவர்களாகிய எங்களுக்குக் கார்பினீர் என்பது காரப்பணியாரம் என்றே காதில் விழுந்தது. தெருப் பிள்ளைகள் அவரைக் ‘காரப்பணியாரப் பாட்டா’ என்றே அழைத்தனர். அவரும் கோபித்துக்கொள்ளவில்லை. 1994-ஆம் ஆண்டில் அவர் மறைந்தபோது எனக்குப் பதினான்கு வயது. கேட்டிருக்க வேண்டியவற்றையெல்லாம் கேட்க அறியாத வயது.

அவர் மறைந்த பின்னரே அச்சொல்லுக்கு ஒரு விலை ஏற்பட்டது. இரண்டாம் உலக யுத்தத்தில் பணிபுரிந்து, ஓய்வூதியம் இன்றித் திரும்பியவர்க்கும் அவர்தம் விதவையர்க்கும் மாநில அரசுகள் மாதந்தோறும் ஓர் உதவித்தொகை வழங்குகின்றன. பாட்டியின் பெயரால் என் மாமா மனு எழுதினார். ‘படைப் பிரிவு’ என்ற இடத்தில், வீட்டில் எல்லோரும் அறிந்திருந்தபடியே, ‘டாங்கி ரெஜிமெண்ட்’ என்று நிரப்பினார். அம்மனு எங்கெங்கோ சென்று, குறிப்பிட்ட ரெஜிமெண்டில் அப்பெயருடையார் எவரும் இல்லை என்ற விடையோடு திரும்பிற்று. மறுமுறை எழுதினார், அதே விடை. விடை எழுதியவர் மீது குற்றம் சொல்வதற்கில்லை. அவர் பார்த்த ஏட்டில் அப்பெயர் இல்லைதான். ஆனால் ஊரில் சிலர், “பட்டாளத்துக்கே போகாதவன் கதை விட்டிருக்கிறான்” என்று பேசலாயினர். அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் பாட்டி 2009-ஆம் ஆண்டில் கண் மூடினார். தொகை போனதைவிட அதுவே என் தாயாரை வருத்திற்று.

பாட்டியின் டிரங்குப் பெட்டியில் மூன்று பதக்கங்கள் இருந்தன. இரண்டு, ஆறு முனையுள்ள மஞ்சள் உலோக நட்சத்திரங்கள். ஒன்று ‘1939–45 நட்சத்திரம்’, மற்றது ‘பர்மா நட்சத்திரம்’. பர்மா நட்சத்திரத்தின் நாடா கருநீலம். நடுவே சிவப்புப் பட்டையும் இருபுறமும் ஆரஞ்சுக் கோடுகளும் ஓடும். மூன்றாவது, வெள்ளை உலோகத்தில் வட்டமான யுத்தப் பதக்கம். ஒரு பக்கம் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை, மறுபக்கம் இருதலைப் பறவைநாகத்தை மிதித்து நிற்கும் சிங்கம். ஆண்டுதோறும் ஆயுத பூசையன்று, பாட்டாவின் ஸ்பானர்களோடு இவற்றையும் வைத்துச் சந்தனம் இடுவது வழக்கம். மஞ்சள் நட்சத்திரங்கள் பித்தளை போல் இருந்தமையால் பாட்டி புளி போட்டு அழுந்தத் தேய்ப்பார். வெள்ளைப் பதக்கத்தை ‘அது ஈயம்’ என்று ஒதுக்கி, துணியால் துடைப்பதோடு விட்டுவிடுவார்.

அந்த அலட்சியம் எங்களுக்கு நன்மையாய் முடிந்தது. அந்த யுத்தத்திற்கான பதக்கங்களைப் பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெயர் பொறிக்காமலேயே அனுப்பினர். இந்தியப் படையினர்க்கோ எண், பதவி, பெயர், பிரிவு ஆகிய நான்கையும் பொறித்து வழங்கினர். நட்சத்திரமாயின் பின்புறத்திலும், வட்டப் பதக்கமாயின் விளிம்பிலும் அவ்வெழுத்துகள் இருக்கும். இச்செய்தியை ஒரு நூலில் படித்த அன்றிரவே கடைசி வண்டியைப் பிடித்து நாகர்கோவில் சென்றேன். நட்சத்திரங்களின் பின்புறம் அறுபது ஆண்டுப் புளியால் வழவழவென்று தேய்ந்திருந்தது. யுத்தப் பதக்கத்தின் விளிம்பில் எழுத்துகள் நேற்றுப் பொறித்தாற்போல் இருந்தன. ஓர் எண்; பதவியின் குறுக்கம்; பாட்டாவின் பெயர், ஆங்கிலத்தில் சற்றே பிழையோடு; அதன்பின் ஐ.இ.எம்.இ. என்ற நான்கு எழுத்துகள். கார்பினீரும் இல்லை, டாங்கியும் இல்லை.

அந்நான்கு எழுத்துகள் இந்திய மின் எந்திரப் பொறியாளர் படையைக் குறிக்கும். 1943-ஆம் ஆண்டில், படைக்கலத் துறையாகிய ஐ.ஏ.ஓ.சி.யிலிருந்து பட்டறைகளைப் பிரித்தெடுத்து அமைத்த படை அது. வெடித்த பீரங்கி, உடைந்த லாரி, நின்றுபோன டாங்கி ஆகிய யாவற்றையும் செப்பனிட்டு மீண்டும் போர்முனைக்கு அனுப்புவது அதன் வேலை. கவசப் படைப்பிரிவுகளின் பின்னால் இத்தகைய பட்டறைகள் செல்லும். டாங்கி ஓட்டுபவன் ஒரு ரெஜிமெண்டின் ஏட்டில் இருப்பான். அதே டாங்கியின் வயிற்றுக்குள் தலையை நுழைத்து எண்ணெயில் குளிப்பவன் வேறோர் ஏட்டில் இருப்பான். எங்கள் மாமா முதல் ஏட்டையே தேடச் சொன்னார். மனு திரும்பியதன் காரணம் இவ்வளவே.

நம்மவர் ஏன் அந்த முதல் ஏட்டில் இல்லை என்ற கேள்வி எழும். அதற்கு விடை காண அறுபது ஆண்டு பின்னோக்கிப் போகவேண்டும். 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைவராகவும், அதன்பின் 1893 வரை இந்தியப் படை முழுமைக்கும் தலைவராகவும் இருந்த ராபர்ட்ஸ் பிரபு, தென்னாட்டார் போருக்கு உதவார் என்ற கொள்கையைப் பிடிவாதமாகப் பற்றியிருந்தார். வீரச் சாதியார் வடமேற்கில்தான் பிறப்பர் என்பது அக்காலத்து வெள்ளை அதிகாரிகளின் சித்தாந்தம். ஆர்க்காட்டையும் ஸ்ரீரங்கப்பட்டணத்தையும் வென்றுகொடுத்த சென்னைச் சிப்பாயின் பேரர்கள் பல பிரிவுகளிலிருந்து விலக்கப்பட்டனர். 1928-இல் சென்னை ரெஜிமெண்டின் கடைசிப் பட்டாளமும் கலைக்கப்பட்டது. இதில் ஒரு வேடிக்கை காண்க: இம்பாலில் போரிட்ட இந்திய டாங்கி ரெஜிமெண்டாகிய 7-ஆவது லைட் காவல்ரி, 1784-இல் திரட்டிய சென்னைக் குதிரைப் படையின் வழிவந்ததே. ஆயினும் 1944-இல் அதன் டாங்கிகளில் அமர்ந்தவர்கள் வடநாட்டார்.

யுத்தம் நெருக்கியபோது சித்தாந்தம் தளர்ந்தது. 1941-ஐ ஒட்டிச் சென்னை ரெஜிமெண்ட் மீண்டும் திரட்டப்பட்டது. இந்தியப் படை 25 இலட்சம் பேராகப் பெருகிற்று. எந்திரங்களை நடத்த, எழுத்தறிந்த, ஸ்பானர் பிடிக்கத் தெரிந்த இளைஞர்கள் வேண்டியிருந்தனர். சென்னை மாகாணமும் திருவிதாங்கூரும் கொச்சியும் அவர்களை ஆயிரக்கணக்கில் அனுப்பின. துப்பாக்கிக்கு உதவார் என்று தள்ளியவர்களையே எந்திரத்துக்கு அழைத்துக்கொண்டனர்.

என் பாட்டா அவ்வாறு போனவர்தான். திருவிதாங்கூர் அரசு 1938 பிப்ரவரி 20 அன்று இத்திருவனந்தபுரத்தில் அரசாங்கப் பஸ் போக்குவரத்தைத் தொடங்கிற்று. அதையொட்டி எங்கள் பக்கத்தில் பஸ் எந்திரம் பழகும் ஆசை இளைஞர்களைப் பற்றிக்கொண்டது. பாட்டா ஒரு தனியார் பஸ் கொட்டகையில் கையாளாகச் சேர்ந்து பிட்டர் வேலை கற்றார். 1942-இல் வயிற்றுப்பாட்டுக்காகவே பட்டாளத்தில் சேர்ந்தார் என்பதைப் பாட்டி ஒளிக்காமல் சொல்வார். பர்மா ஜப்பானியர் கைக்குப் போய் அரிசி வருவது நின்ற காலம் அது. திருவிதாங்கூரில் மரச்சீனிக் கிழங்கே பல வீடுகளில் உணவாயிருந்தது. பட்டாளத்தில் மூன்று வேளை சோறும், வீட்டுக்கு மணியார்டரும் கிடைத்தன.

அவர் சென்ற வழியை என்னால் ஏறக்குறைய நிலையம் நிலையமாகச் சொல்லமுடியும். இஃது என் தொழில் தந்த பேறு. நாகர்கோவிலுக்கு அன்று இரயில் இல்லை. திருவனந்தபுரத்திலிருந்து அங்குப் பாதை வந்தது 1979-இல்தான். ஆகவே பஸ்ஸில் திருவனந்தபுரம். 1931-இல் திறந்த, இன்று நாம் அனைவரும் வந்திறங்கும் தம்பானூர்க் கல் நிலையத்தில் மீட்டர்கேஜ் வண்டி. கொல்லம், செங்கோட்டை மலைப்பாதை, மதுரை வழியாக எழும்பூர். அங்கிருந்து அகலப் பாதையில் ஜபல்பூர். பயிற்சி முடிந்ததும் கல்கத்தா. சியால்தாவில் ஏறிப் பார்வதிபூர் வரை அகலப் பாதை. அங்கே சாமான்களையெல்லாம் இறக்கி மீண்டும் மீட்டர்கேஜில் ஏற்றவேண்டும். அமீன்காவில் பாதை முடிந்துவிடும். பிரம்மபுத்திராவுக்கு அன்று பாலம் இல்லை. சராய்காட் பாலம் 1962-இல்தான் வந்தது. படகில் பாண்டு கரைக்குச் சென்று, மறுபடி வண்டியேறி, லும்டிங் கடந்து மணிப்பூர் ரோடு என்னும் திமாப்பூர் நிலையம். ஒரு பாதையிலிருந்து மற்றொன்றுக்குச் சரக்கு மாற்றுவதன் தொல்லையை அறிந்தவன் நான். டாங்கியின் உதிரிப்பாகங்களும் பீரங்கிக் குண்டுகளும் ஒரு படைக்கு வேண்டிய அரிசியும் பருப்பும் இவ்வொரு வழியில் போயின என்று எண்ணும்போது தலை சுற்றுகிறது. 1944 மார்ச் 1 முதல் அமெரிக்கப் படையின் இரயில்வேப் பிரிவினரே அஸ்ஸாம் பாதையின் பெரும்பகுதியை எடுத்து நடத்தவேண்டியதாயிற்று. திமாப்பூரிலிருந்து இம்பாலுக்கு ஏறக்குறைய 130 மைல் மலைச்சாலை.

வீட்டில் கிடைத்த விடுவிப்புச் சான்றில் பாதியைக் கரையான் தின்றுவிட்டது. மிஞ்சிய பாதியில் பட்டறைக் கம்பெனி என்ற சொல்லும், 254-ஆவது இந்திய டாங்கிப் பிரிகேட் என்ற முத்திரையும் தெரிந்தன. அந்தப் பிரிகேடின் வரலாற்றைப் புரட்டியபோது பாட்டாவின் கார்பினீர் எதிரே வந்து நின்றார். அப்பிரிகேடில் இருந்த பிரிட்டிஷ் ரெஜிமெண்டின் பெயர் 3-ஆவது கார்பினியர்ஸ். கார்பைன் என்னும் குட்டைத் துப்பாக்கி ஏந்திய குதிரை வீரர்க்கு அமைந்த பழம்பெயர் அது. இரண்டு குதிரைப்படைகளை 1922-இல் இணைத்து அமைத்த ரெஜிமெண்ட். குதிரையை விட்டு டாங்கிக்கு மாறிய பின்பும் பெயரை விடவில்லை. காரப்பணியாரம் என்று நாங்கள் நகைத்த சொல்லைப் பாட்டா ஐம்பது ஆண்டுகள் ஏறக்குறையப் பிழையின்றியே உச்சரித்து வந்திருக்கிறார்.

1944 மார்ச் 29 அன்று ஜப்பானியர் கொகிமாச் சாலையைத் துண்டித்தனர். ஜூன் 22 அன்று 109-ஆவது மைல்கல் அருகே சாலை மீண்டும் திறக்கும்வரை இம்பால் சமவெளி முற்றுகையில் கிடந்தது. பெட்ரோல், உணவு, குண்டு யாவும் விமானத்தில் வந்தன. உணவின் அளவு குறைக்கப்பட்டது. விமானத் தளத்துக்கு வடக்கே நுன்ஷிகம் என்னும் குன்று, சமவெளியிலிருந்து ஆயிரம் அடிக்குமேல் எழுந்து நிற்கிறது. அதனை ஜப்பானியர் பிடித்துக்கொண்டனர். அங்கே பீரங்கி ஏறினால் விமானத் தளம் போயிற்று. தளம் போனால் இம்பால் போயிற்று. டாங்கி ஏறமுடியாத குன்று என்று அவர்கள் நம்பினர். ஏப்ரல் 13 அன்று கார்பினியர்ஸின் ‘பி’ பிரிவு டாங்கிகள், 17-ஆவது டோக்ரா ரெஜிமெண்டின் முதற் பட்டாளத்தாரோடு அதன்மேல் ஏறின. முதுகெலும்பு போல் குறுகிய முகடு. ஓரடி தவறினால் பள்ளம். வழி பார்ப்பதற்காக அதிகாரிகள் டாங்கியின் மேல்வாயிலில் தலையை நீட்டி நிற்கவேண்டியிருந்தது. அவ்வாறு நின்ற அதிகாரிகள் ஒருவர் மிச்சமின்றி மாண்டனர், அல்லது காயமுற்றனர். அதன்பின் சார்ஜெண்ட் மேஜர் கிராடக் என்பவர் டாங்கிகளையும், டோக்ரா சுபேதார்கள் இருவர் காலாட்களையும் நடத்திக் குன்றைப் பிடித்தனர். 1971-இல் கார்பினியர்ஸ் மற்றொரு ரெஜிமெண்டோடு இணைந்து ராயல் ஸ்காட்ஸ் டிராகூன் கார்ட்ஸ் ஆயிற்று. அதன் ‘பி’ பிரிவினர் நுன்ஷிகம் நாளில் அதிகாரிகளை விலக்கி, சார்ஜெண்ட் மேஜரின் தலைமையில் அணிவகுத்து நிற்பது வழக்கம்.

பாட்டா அந்தக் குன்றில் ஏறியவர் அல்லர். ஏறியதாக அவர் ஒருநாளும் சொன்னதும் இல்லை. ஆனால் அவர் பேசிய எந்திரக் கதைகளின் பொருள் இப்போதுதான் விளங்குகிறது. அந்த டாங்கிகள் ‘லீ’ என்னும் அமெரிக்க வகையின. ஏறத்தாழ 27 டன் எடை. அவற்றின் எந்திரமோ விமானத்துக்கென அமைந்த இனத்தது. ஒன்பது உருளைகள் சக்கரத்து ஆரங்கள் போல் வட்டமாக நிற்கும். எந்திரம் நின்றிருக்கும்போது எண்ணெய் கீழ் உருளைகளில் இறங்கித் தேங்கிவிடும். அதை அப்படியே முடுக்கினால் உள்ளே தண்டு வளைந்து எந்திரம் பாழாகும். ஆகையால் கிளப்புவதற்கு முன் கைப்பிடியை மாட்டிப் பல சுற்று சுற்றவேண்டும். “சுத்தாம ஸ்டார்ட் பண்ணினா தொலைஞ்சுது மக்களே” என்று பாட்டா கையைச் சுழற்றிக் காட்டியது என் கண்முன் நிற்கிறது. தோல் உரிந்த உள்ளங்கையில் வேப்பெண்ணெய் தடவிக்கொண்டு இரவெல்லாம் தார்ப்பாயின் கீழ் வேலை செய்ததாகவும் சொல்லியிருக்கிறார். முற்றுகைக்குள் புதிய டாங்கி வாராது. பழுதானதைச் செப்பனிட்டால்தான் நாளைக்கு டாங்கி உண்டு.

இவ்விடத்தில் ஒரு செய்தியைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. நுன்ஷிகம் போருக்கு மறுநாள், 1944 ஏப்ரல் 14 அன்று, அதே சமவெளியின் தென்புறத்தில் உள்ள மொய்ராங்கில் இந்திய தேசிய இராணுவத்தார் மூவண்ணக் கொடியை ஏற்றினர். அவ்விராணுவத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர் பெருந்திரள். அதைச் சேர்ந்த வக்கம் காதர், நம் திருவனந்தபுரத்துக்கு வடக்கேயுள்ள வக்கத்துப் பிள்ளை. 1943 செப்டம்பர் 10 அன்று சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டவர். சுதந்திரத்துக்குப் பின் பாட்டா பட்டாளக் கதை பேசாமல் எந்திரக் கதை மட்டும் பேசியது இதனால்தானோ என்று ஐயுறுகிறேன். எங்கள் வீட்டுக் கூடத்தில் நேதாஜியின் படம் மாட்டியிருந்தது, மாட்டியவர் பாட்டாதான். பதக்கங்கள் பெட்டிக்குள்ளும் நேதாஜி சுவரிலும் இருந்தனர். இவ்விரண்டையும் ஒருவரே வைத்திருந்ததில் முரண்பாடு இருப்பதாகச் சிலர் கூறலாம். நாற்பது ரூபாய்க்கு உட்பட்ட சம்பளத்துக்கு ஸ்பானர் பிடித்த இருபது வயது இளைஞனிடம் அக்கணக்கைக் கேட்க எனக்குத் துணிவில்லை.

அதற்குமேல் அவர் சென்ற வழியைச் சுருக்கமாகவே சொல்லலாம். டமு வழியாகச் சிந்துவின் ஆறு, கலேவாவில் 1944 டிசம்பரில் அமைத்த 1,154 அடி நீளமான பெய்லி பாலம், அன்று உலகிலேயே அவ்வகையில் நீளமானது, பின்னர் ஐராவதி, 1945 மார்ச்சில் மாந்தளை. டமுவுக்கு இப்புறம் நம் எல்லையில் மோரே என்னும் ஊர் உள்ளது. பர்மாவை விட்டு 1960-களில் வெளியேறிய தமிழர் அங்கே குடியேறிக் கோயிலும் தமிழ்ச் சங்கமும் அமைத்திருக்கின்றனர். பாட்டா டாங்கிப் பட்டறையோடு கடந்த சாலையில் இன்று நம்மைப் போன்ற ஒரு சங்கம் இருக்கிறது என்பதை அறிந்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி கொஞ்சமன்று.

அவர் 1946-இல் திரும்பி மீண்டும் பஸ் கொட்டகைக்கே சென்றார். அவர் புறப்பட்டது திருவிதாங்கூரிலிருந்து. 1949 ஜூலை 1 அன்று அது திரு-கொச்சி ஆயிற்று. 1956 நவம்பர் 1 அன்று எங்கள் தாலுகாவும் தோவாளை, கல்குளம், விளவங்கோடு முதலியவையும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. சான்றில் ‘திருவிதாங்கூர்’ என்று எழுதியவரின் மனுவைத் திருவனந்தபுரத்தில் கொடுப்பதா, நாகர்கோவிலில் கொடுப்பதா என்றே மாமா இரண்டாண்டு அலைந்தார். எல்லைக்கோடு மக்களின் மேல் மட்டுமன்றிக் காகிதங்களின் மேலும் விழுகிறது என்பதை இங்கு வாழும் நம்மில் பலர் அறிவர்.

இறந்தவர்க்காவது பட்டியல் உண்டு. கொகிமாவில் எரியூட்டப்பட்ட இந்து, சீக்கிய வீரர் 917 பேரின் பெயர்கள் கல்லில் உள்ளன. யுத்தக் கல்லறை ஆணையத்தின் ஏடுகளில் சில பெயர்களின் எதிரே ‘திருவிதாங்கூர்’ என்ற சொல்லையும் கண்டேன். உயிரோடு மீண்டவர்க்கு அத்தகைய பொதுப் பட்டியல் கிடையாது. அவரவர் பிரிவின் பதிவகத்தில், எண்ணைச் சொல்லிக் கேட்டால்தான் பெயர் வெளிவரும். ஐ.இ.எம்.இ.யின் வழிவந்த இன்றைய இ.எம்.இ. படையின் பதிவகம் செகந்திராபாத்தில் உள்ளது. பதக்கத்தின் விளிம்பிலிருந்த எண்ணைக் குறிப்பிட்டு அம்மா பெயரால் ஒரு கடிதம் எழுதினேன். சில மாதம் கழித்து விடை வந்தது. எண் சரி, பெயர் சரி, சேர்ந்த ஆண்டும் விடுபட்ட ஆண்டும் பாட்டி சொன்னபடியே. அம்மா கடிதத்தை வாங்கி, தமிழில் சொல் என்று என்னை இரண்டு முறை படிக்கச் செய்தார். பிறகு மாமாவின் வீட்டுக்குப் போய், தெருவில் நாலு பேர் நிற்கும்போது மூன்றாவது முறையும் படிக்கச் செய்தார்.

உதவித்தொகை கேட்க இனி ஆள் இல்லை. ஆயினும் நம் சங்கத்து அங்கத்தினர் இல்லங்களில் இத்தகைய பதக்கங்கள் இருத்தல் கூடும். இருப்பின், புளியோ பிரஸ்ஸோவோ போட்டுத் தேய்க்க வேண்டா. முதலில் விளிம்பையும் பின்புறத்தையும் பாருங்கள். எழுத்து சிறிதாயின் கொண்டு வாருங்கள். ஞாயிறு மாலைகளில் சங்க நூலகத்தில் இருப்பேன். பூதக்கண்ணாடி என்னிடம் இருக்கிறது.